பிரேக் டிஸ்க்கும் பேடும்: வாங்குவதற்கு முன் கழற்றிப் பார்க்க வேண்டியவை

வேகமாகச் செல்லும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சொன்னவுடன், பெரும்பாலான பட்டறைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றியாக வேண்டும்." என் காருக்கும் அந்தப் பதிலே கிடைத்தது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க் முன்பக்கத்தில் இரண்டும், அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளும் புதிதாகப் போடப்பட்டன. நடுக்கம் முற்றிலும் மறைந்தது. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, முதலில் லேசாகவும் பின்னர் ஐயத்துக்கு இடமில்லாமலும், அதே நடுக்கம் அதே வேகத்தில் மீண்டும் தலைகாட்டியது. மறுபடியும் டிஸ்க் மாற்றலாம் என்று பட்டறையில் சொன்னபோது, வாங்குவதை ஒத்திவைத்துவிட்டு, அளவெடுக்கும் கருவிகள் வைத்திருந்த வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய், கழற்றிய பாகங்களை அவருடன் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய பாகம் ஏன் கெட்டது என்பது தெரியாத வரை புதியதற்கு ஆர்டர் கொடுப்பதில்லை என்ற வழக்கம் எனக்கு அப்போது ஏற்பட்டது.

டிஸ்க்கின் நடுவே புடைத்திருக்கும் பகுதியிலோ அதன் விளிம்பிலோ, எந்தத் தடிமனுக்குக் கீழே அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எண் பொதுவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மூடியிருப்பதால், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகே அது கண்ணில் படும். என் டிஸ்க்கில் 22 மில்லிமீட்டர் என்று இருந்தது. புதிதில் அதன் தடிமன் 24. இதைச் சாதாரண வெர்னியர் அளவுகோலால் அளப்பவர்கள் ஏமாந்துபோவதற்கு ஒரு காரணம் உண்டு. பேட் உரசாத வெளி விளிம்பு தேயாமல் மேடாக நின்றுவிடும். அளவுகோலின் தாடைகள் அந்த மேட்டில் உட்கார்ந்து, உண்மையைவிடக் கூடுதலான தடிமனைக் காட்டும். எனவே மைக்ரோமீட்டரை எடுத்து, விளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, வட்டம் முழுவதும் சம இடைவெளியில் 8 இடங்களில் அளந்தோம். மிகத் தடித்த இடத்தில் 23.42, மிக மெலிந்த இடத்தில் 23.39 மில்லிமீட்டர். அதாவது தேய்மானக் கணக்கில் டிஸ்க்கின் ஆயுள் பாதிக்கு மேல் மீதமிருந்தது. கோளாறு அந்த 0.03 மில்லிமீட்டர் வேறுபாட்டில் இருந்தது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத இந்த ஏற்ற இறக்கம், பெடலில் காலுக்கும் ஸ்டியரிங்கில் கைக்கும் தெரிவதற்குப் போதுமானது.

டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்ற விளக்கம் பெரும்பாலும் சரியானதல்ல. சக்கரமும் டிஸ்க்கும் மாட்டப்படும் மையப் பாகமான ஹப்பின் மீது டிஸ்க் சிறிது சாய்வாக உட்கார்ந்தால், சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அதன் ஓர் இடம் பேடை நோக்கி வந்து லேசாக உரசிவிட்டுப் போகும். பிரேக் மிதிக்காமல் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இந்த உரசல் நடக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசி உரசி அந்த இடம் மட்டும் மெலிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பிரேக் மிதிக்கும்போது அதிர்வு தெரிகிறது. புது டிஸ்க் போட்ட அன்றே நடுக்கம் வராமல், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வருவதற்குக் காரணம் இதுவே. இன்னொரு காரணமும் உண்டு. பிரேக் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது வண்டியை முழுவதுமாக நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரு திட்டாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் திட்டு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சூடாகி, நாளடைவில் அடியிலுள்ள வார்ப்பிரும்பையே கடினமாக்கிவிட்டால், அதற்குப் பிறகு லேத்தில் கடைந்து சமப்படுத்தினாலும் அந்த இடம் மெதுவாகத்தான் தேயும். நடுக்கமும் திரும்பி வரும்.

என் வண்டியில் எது என்பதை டயல் கேஜ் காட்டிக்கொடுத்தது. டிஸ்க்கை நட்டுகள் போட்டுச் சரியாக இறுக்கி, கேஜின் முனையை அதன் முகத்தில் வைத்துச் சுழற்றினால், எவ்வளவு பக்கவாட்டில் ஆடுகிறது என்பது தெரியும். பல கார்களுக்கு வரம்பு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், சரியான எண்ணை அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் 0.12 காட்டியது. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால், ஹப்பின் முகத்தில் போல்ட்டுகளைச் சுற்றித் துரு பொருக்குத் தட்டிப்போய் இருந்தது. முதல் பட்டறையில் புது டிஸ்க்கை அந்தத் துருவின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள். நடுவே ஓர் இழை அளவு துரு இருந்தாலும், டிஸ்க்கின் வெளிவிட்டத்தை எட்டும்போது அந்தச் சாய்வு இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. ஹப்பைப் பளிச்சென்று தேய்த்துச் சுத்தம் செய்து, அதே டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டியபோது அளவு 0.04க்கு இறங்கியது. ஹப்பின் முகமே ஆடினாலோ, வீல் பேரிங்கில் பிளே (தளர்வு) இருந்தாலோ, எவ்வளவு உயர்ந்த டிஸ்க் வாங்கினாலும் பயன் இராது.

பேடுகளும் தம் பங்குக்கு ஒரு செய்தி சொல்லின. அதே சக்கரத்தில் வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டர் மீதமிருக்க, உள்பக்கப் பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துபோயிருந்தது. பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பர், ஒற்றைப் பக்கம் பிஸ்டன் உள்ள நகரும் வகையாக இருந்து, இப்படி உள்பேட் மட்டும் தேய்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை காலிப்பர் நகர்வதற்கான பின்கள். ஒரு பின் கையால் இழுத்தால் அசையவில்லை; ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, உள்ளே இறுகிப்போயிருந்தது. சக்கரத்தின் இடைவெளி வழியாக வெளிப்பக்கப் பேடை மட்டும் எட்டிப் பார்த்து "இன்னும் பாதி இருக்கிறது" என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த ஜோடி போதுமான சான்று. பேட் ஆப்பு போல ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும், பேடின் காதுகள் (இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருப்பவை) உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தாலும், அதைச் சரிசெய்துவிட்டுத்தான் புதியதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காரணங்களைச் சரிசெய்த பிறகு டிஸ்க் தேர்வுக்கு வந்தோம். பழையதைக் கடைந்து பயன்படுத்தலாமா என்ற கேள்வி இயல்பாக எழும். கடைந்த பிறகும் குறைந்தபட்சத் தடிமனுக்குப் போதிய அளவு மேலே நிற்குமானால், லேத்தும் அதை இயக்குபவரும் நம்பகமானவர்களானால், செய்யலாம். என் டிஸ்க்கின் முகத்தில் வெப்பத்தால் நீலம் பாரித்த திட்டுகள் இருந்ததாலும், மெலிந்த டிஸ்க் இன்னும் எளிதில் சூடேறும் என்பதாலும், புதிதாகவே வாங்க முடிவு செய்தேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் டிஸ்க்கும் பேடும் ஒரே தயாரிப்பாக, ஒரே நேரத்தில் மாற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்குவது பல நேரங்களில் தவறான பாகத்தில் போய் முடியும். ஒரே மாடலில், ஒரே ஆண்டில், எஞ்சினைப் பொறுத்தும் சக்கர அளவைப் பொறுத்தும் இரண்டு விட்டங்களில் டிஸ்க் வந்திருக்கக்கூடும். காலிப்பரை இரு வேறு நிறுவனங்கள் செய்து கொடுத்திருந்தால் பேடின் வடிவமே மாறிவிடும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து பாக எண்ணை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. அப்படியும், விட்டம், தடிமன், நடுப்புடைப்பையும் சேர்த்த மொத்த உயரம், நடுத்துளையின் அளவு ஆகிய நான்கையும் பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் மாட்ட விடுவதில்லை. உயரம் சில மில்லிமீட்டர் வேறுபட்டாலும் டிஸ்க் காலிப்பரின் நடுவே நிற்காது. காற்றுவழிகள் வளைந்த வடிவில் உள்ள டிஸ்க்காக இருந்தால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாக வரும். அதையும் பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துளையிட்ட டிஸ்க், கீறல் வெட்டிய டிஸ்க் ஆகியவற்றின் மீது எனக்கும் ஆசை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சக்கரத்தின் வழியே பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பிரேக்கின் வேலை என்னவென்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஆசை தணிந்தது. 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 5.8 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 7 கிலோ எடையுள்ள ஒவ்வொரு முன் டிஸ்க்கும் அந்த ஒரே நிறுத்தத்தில் சுமார் 60 டிகிரி சூடேறும். வேகம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகும். இந்த வெப்பத்தை அந்தக் கணத்தில் வாங்கிக்கொள்வது இரும்பின் நிறைதான்; காற்று அதை ஆற்றுவது பிறகு நடக்கும் வேலை. துளை போட்டால் நிறை குறைகிறது. மீண்டும் மீண்டும் சூடாகி ஆறும்போது துளைகளின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்புகிறது. பேடின் பசைப்பொருள்கள் சூட்டில் வாயுவாகக் கசிந்த பழைய காலத்தில் துளைகளுக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகவும் குறைந்துவிட்டது. கீறல் வெட்டியவை பந்தயத் தடத்தில் பயன்படலாம். அன்றாடச் சாலையில் பேடை விரைவாகத் தின்று, ஒரு உறுமலையும் கொடுக்கின்றன. ஆகவே வெறும் முகமுள்ள, உள்ளே காற்றுவழி கொண்ட சாதாரண டிஸ்க்கையே எடுத்தேன்.

சாதாரண டிஸ்க்கிலும் தரவேறுபாடு இருக்கிறது, அதைத் தராசில் வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரே பாக எண்ணுக்கு உரியவை என்று கடையில் எடுத்துவைத்த இரண்டு டிஸ்க்குகளில், விலை குறைந்தது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையாமல் எடை குறைந்திருந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விளிம்பு வழியாக உள்ளே பார்த்தால், எடை குறைந்ததில் இரு முகங்களையும் இணைக்கும் நடுத்தடுப்புகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தன. இரு முகங்களின் தடிமனும் ஒரே மாதிரி இல்லாமல், ஒரு முகம் மெல்லியதாக இருந்தது. வார்ப்பு சரியாக நடுவில் அமையாததன் அடையாளம் அது. கார்பன் அளவு கூடிய வார்ப்பிரும்பில் செய்த டிஸ்க் கிடைத்தால் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. அது வெப்பத்தை நன்றாகக் கடத்துவதோடு அதிர்வையும் உறிஞ்சிக்கொள்வதால் சத்தம் குறைகிறது. நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் துருத்தடுப்புப் பூச்சு இட்டதாக இருப்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனெனில் என் தொல்லையின் தொடக்கமே ஹப்பின் துருதான். ஹைபிரிட் கார்களிலும் மின்கார்களிலும் மோட்டாரே பெரும்பங்கு வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க் உரசுவது குறைந்து, தேய்வதற்கு முன்பே துருப்பிடிக்கிறது. அவற்றுக்குப் பூச்சு இன்னும் அவசியம். பூச்சில்லாத டிஸ்க்கில் எண்ணெய் தடவி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் அதைத் துடைத்து எடுத்த பிறகே மாட்ட வேண்டும். எண்ணெயோடு மாட்டினால் புதுப் பேட் அதை உறிஞ்சிக்கொண்டு முதல் நாளே கெட்டுவிடும்.

பேடைப் பொறுத்தவரை "எது சிறந்தது" என்ற கேள்வியைவிட "இந்த வண்டி எப்படி ஓட்டப்படுகிறது" என்ற கேள்வியே பயனுள்ளது. கரிமக் கலவைப் பேடுகள் அமைதியானவை, டிஸ்க்கை அதிகம் தேய்க்காதவை. ஆனால் நெடுநேர இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். இரும்புத் தூளும் இழையும் கலந்த செமி-மெட்டாலிக் பேடுகள் சூட்டைத் தாங்கும், பாரமேற்றிய வண்டிக்கும் மலைப்பாதைக்கும் ஏற்றவை. அதற்கு விலையாகச் சத்தமும், சக்கரத்தில் கறுப்புத் தூசியும், டிஸ்க்கின் விரைவான தேய்மானமும் வரும். செராமிக் என்று விற்கப்படுபவை தூசியிலும் சத்தத்திலும் நல்லவை. ஆயினும் பெட்டியின் மேல் இருக்கும் அந்தச் சொல்லுக்குள் பலவிதக் கலவைகள் அடங்கும் என்பதால், அதை மட்டும் நம்பி வாங்குவதற்கில்லை. என் உறவினர் ஒருவர் தம் சிறிய காருக்கு, பந்தயத் தடத்துக்கென்று விற்கப்படும் பேடை விரும்பி வாங்கிப் போட்டார். காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று மிதிப்புகளுக்கு அது பிடிக்கவே யோசித்தது. அந்தக் கலவை சூடேறிய பிறகு வேலை செய்வதற்காக உருவானது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போய்வரும் வண்டியில் அது சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும்.

பேடின் முதுகிலோ விளிம்பிலோ அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் முறைப்படி அதன் இறுதியில் இரண்டு எழுத்துகள் வரும்: முதலாவது இயல்பான வெப்பநிலையில் உராய்வுக் கெழு (பிடியின் அளவு) எவ்வளவு என்பதையும், இரண்டாவது மிகுந்த சூட்டில் எவ்வளவு என்பதையும் குறிக்கும். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப்எஃப்' என்று இருந்தால் சூட்டிலும் அதே வரம்பில் நிற்கிறது என்று பொருள். 'எஃப்ஈ' என்றால் சூட்டில் தளர்கிறது. எழுத்து உயர்ந்ததாக இருக்க இருக்க நல்லது என்று கருதிவிடக் கூடாது. முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான பிரேக் விகிதம், வண்டியோடு வந்த தொழிற்சாலைப் பேடை வைத்து வகுக்கப்பட்டது. பின்பக்கத்துக்கு மட்டும் கடும்பிடிப் பேடைப் போட்டால் ஈரச் சாலையில் பின்பகுதி வழுக்க நேரும். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 90ஆம் ஒழுங்குமுறையின்படி அங்கீகரிக்கப்பட்ட பேடு, தொழிற்சாலைப் பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட முத்திரையால் அதை அடையாளம் காணலாம். எழுத்துக் குறியீட்டைவிட இந்த முத்திரைக்கே நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன், ஏனெனில் எழுத்து ஓர் அகன்ற வரம்பை மட்டும் சொல்கிறது. முத்திரை என் காருக்கான மூலப் பேடோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. பிரேக் பாகங்களில் போலிகளும் புழங்குகின்றன. அச்சு மங்கலாக இருந்தாலோ, பெட்டியின் எண்ணும் பேடின் எண்ணும் பொருந்தாவிட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுவது நலம்.

நான் இறுதியில் எடுத்தது, முத்திரையுடைய, உலோகம் குறைந்த நடுத்தரப் பேட். சத்தத்தைத் தடுக்கும் மெல்லிய தகடு அதன் முதுகில் ஒட்டியே வந்தது. அதோடு புதுக் கிளிப்புகள், காலிப்பர் பின்கள், ரப்பர் உறைகள் அடங்கிய சிறு தொகுப்பையும் வாங்கினேன். மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதி அதுதான். ஆனால் பழைய கிளிப்புகளை அப்படியே போட்டுவிட்டுப் பின்னர் கிறீச்சொலிக்குப் பேடைக் குறைசொல்பவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். பின்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் போன்ற, பிரேக் ரப்பருக்கு உகந்த கிரீஸையே தடவ வேண்டும்; சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, சரிசெய்த பின்னை மறுபடியும் இறுக்கிவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு உகந்ததல்ல. புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். அப்போது பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் ஏறி வழியக்கூடும், வழிந்தால் பெயிண்ட் போய்விடும். மின்சாரக் கை பிரேக் உள்ள வண்டிகளில் பின்பக்கக் காலிப்பரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் பிஸ்டனைத் தள்ளினால் அதன் மோட்டாரும் பல்சக்கரங்களும் உடையும். ஆயிலையும் இதே வேளையில் மாற்றிக்கொள்வது சிக்கனம். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலைக்கு வகுத்துள்ள வரம்போ 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், எவ்வளவு நல்ல பேட் இருந்தாலும் பெடல் தரையைத் தொடும். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டுப் போகாமல், எதிரெதிராக, குறித்த விசைக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கச் சொன்னேன். ஏற்ற இறக்கமாக இறுக்கினால், சுத்தம் செய்து நேராக்கிய டிஸ்க் மீண்டும் சாய்ந்துவிடும். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிப்பில் பிரேக்கே இருக்காது.

புதுப் பேடையும் டிஸ்க்கையும் பழக்குவது தனி வேலை. பேட் தயாரிப்பாளர் ஏதேனும் முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். எனக்குக் கிடைத்த பெட்டியில் எதுவும் இல்லாததால், போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 15 வரை நடுத்தர அழுத்தத்தில் குறைத்து, அரை நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு, இதையே 10 முறை செய்தேன். சூடாக இருக்கும்போது முழுவதுமாக நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டிருக்கவில்லை. முடிவில் டிஸ்க்கின் முகம் முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிறமாக மாறியிருந்தது. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிவதால் வரும் நிறம் அது. பிடி சீராக இருப்பதற்கு அந்தப் படலமே அடிப்படை. அடுத்த சில நூறு கிலோமீட்டருக்கு அவசரமில்லாமல் கடும் பிரேக் போடுவதைத் தவிர்த்தேன்.

முன்பு நடுக்கம் திரும்பிவந்த தூரத்தைப் போல் பல மடங்கு இப்போது கடந்துவிட்டது. ஸ்டியரிங் அசையாமல் இருக்கிறது. சக்கரங்களை இடம் மாற்றும்போதெல்லாம் உள்பக்க, வெளிப்பக்கப் பேடுகள் இரண்டின் தடிமனையும் குறித்துவைக்கிறேன். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவது என் கணக்கு. இடையில், ஒரு நீண்ட பயணத்தின் முடிவில் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்து இடது வலது டிஸ்க்குகளின் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து பல டிகிரி கூடுதலாகக் காட்டினால், அந்தப் பக்கப் பின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது.